கடைக்காரர் சொன்ன வழி

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை கிடையாது. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மலையேறி வருகிற நாளில் நாங்கள் எங்கே போக? ஏரிக்கரையில் எங்கள் கடை. மிளகு, கிராம்பு, பட்டை, காப்பித்தூள், தேன், தைலம். வந்தவர்கள் படகு ஏறி, மிளகாய் பஜ்ஜி தின்று, குழந்தைக்குத் தொப்பி வாங்கிப் போட்டு, ஜோடி ஜோடியாகப் படம் பிடித்துக்கொண்டு திரிவார்கள். நாங்கள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய ஆற்றாமை. ஊர் உலகமெல்லாம் தேடி வருகிற இடத்தில் குடியிருந்துகொண்டு, ஏரியை மிளகு மூட்டைகளுக்கு நடுவில் எட்டிப் பார்க்கிற பிழைப்பாகிவிட்டதே என்று.

அதற்காக நான் பிடித்த நாள்தான் புதன்கிழமை. புதன்கிழமை மலையில் ஆள் நடமாட்டம் குறைவு. மாதத்தில் ஒரு புதன் கடையை அடைத்துவிட்டு, சரக்கு ஏற்றுகிற எங்கள் பழைய வேனில் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு, சோறு கட்டிக்கொண்டு காலையில் கிளம்பி, சாயங்காலம் திரும்புவது. இதற்கு என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க மூன்று வருடம் பிடித்தது. கடைசியில் ஒத்துக்கொண்டதும் ஆசையால் அல்ல, என் வாய்க்குப் பயந்துதான்.

மலையை விட்டுக் கீழே இறங்க மாட்டோம். தினமும் யாரோ ஒருவர் படம் பிடித்துக்கொண்டு போகிற எங்கள் மலையைத்தான் நாங்கள் சுற்றுவோம். ஒரு மாதம் கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட் ஓரத்தில் சில்வர் ஓக் நிழல். ஒரு மாதம் சேர்வராயன் கோயில் மேட்டில் காற்று. கூடவே வருகிறவள் என் தோழி. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். அவள் பிறந்தது கோயில் மேட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். மேட்டுக்குப் போனால் அவள் மட்டும் குனிந்து கோயில் குகைக்குள் போய்ச் சாமி கும்பிட்டு வருவாள். நாங்கள் வெளியே புல்லில் உட்கார்ந்து அவள் கொண்டு வருகிற தேங்காய்க்குக் காத்திருப்போம். நான் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டுவேன். அவள் தட்டுவடை கொண்டு வருவாள், தேங்காய்ச் சட்னியும் காரச் சட்னியும் தனித்தனி டப்பாவில். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்போம். ஒன்றும் செய்யாமல் உட்கார என் வீட்டுக்காரருக்கு மட்டும் வராது. முதல் வருடம் புல்லில் உட்கார்ந்து, கையில் கிடைத்த சரளைக் கற்களைச் சின்னது பெரியது என்று பிரித்துக்கொண்டிருந்தார். கிராம்பு பொறுக்குகிற விரல்கள், என்ன செய்யும் பாவம்.

நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கோளாறு உண்டு. தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும், முக்கியமாக வழி கேட்டால். ஒரு கிராம் மிளகுகூட வாங்காதவர்களுக்காகவும் கல்லாவை விட்டு இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டி, ரோட்டுக்கு வந்து கையை நீட்டுவார்.

“கூட்டம் இல்லாத எடமா ஒண்ணு சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அன்றைக்கு அவருக்குப் பெருநாள்தான்.

“செம்மநத்தம் ரோட்டுல போங்க. ஒரு மூணு கிலோமீட்டரு. பெரிய பலாமரம் வருமுங்க, அடியில சின்னதா ஒரு கோயிலு. அங்க ரோடு ரெண்டாப் பிரியும். இடக்கைப் பக்கம் திரும்புங்க. அப்பறம் ஒரே நீட்டுத்தான். பாறை ஒண்ணு வரும் பாருங்க, அதுல நின்னா கீழ ஊரெல்லாம் தட்டுல வெச்ச மாதிரி தெரியும். ஆரும் போகாத எடமுங்க.”

ஆரும் போகாத இடம் என்று சொல்லும்போது அவர் குரலில் அப்படி ஒரு பெருமை இருக்கும். அதில் அவரும் சேர்த்தி என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பாறையை அவர் பார்த்ததே இல்லை. எப்போதோ காப்பி மூட்டை இறக்க வந்த எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவர் சொல்லக் கேட்டது. பத்துப் பதினோரு வருடமாக அதே வார்த்தைகள், அதே கை நீட்டல். உள்ளே உட்கார்ந்து கிராம்பு பொட்டலம் கட்டுகிற எனக்கு அது மனப்பாடம்.

இப்போது எங்கள் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது தன் மகனுக்கு எங்கள் பெண்ணைக் கேட்டார். இவர் ஒரு நொடி யோசிக்கவில்லை.

“இதுல கேக்கறதுக்கு என்னக்கா இருக்குது? அவ உங்க ஊட்டுப் புள்ளதானுங்களே” என்று கையடித்துக் கொடுத்துவிட்டார்.

நானும் அங்கேதான் நின்றேன். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் அடுப்படிக்குப் போய்ச் சேமியா கிண்டினேன். வீட்டில் எல்லோருடைய வாயையும் அடக்குகிற நான், அடக்கக்கூடாத நேரத்தில் என் வாயை அடக்கினேன். அது என் பங்கு.

பையன் தங்கமான பையன். அதுதான் சங்கடம். குறை சொல்லித் தள்ள முடியாது. பெண் போனில் என்னிடம் சொன்னாள்: “அவன எனக்குப் பிடிக்கும்மா. கட்டிக்கத்தான் முடியாது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

அவர் காதுக்கு இது போனதும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார். நாத்தனார் எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்தினார். அதன் பிறகு பெண் ஊருக்கு வந்தால், அவள் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, “அவ சாப்புட்டாளான்னு கேளு” என்பார் என்னிடம். அவளும் அவருக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. “சாப்புட்டேன்னு சொல்லும்மா” என்பாள். நடுவில் நான் தபால்காரி.

போன டிசம்பரில் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். விடைபெற மூன்று நாள் லீவில் வந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துக்கொண்டே, தலையை நிமிராமல் சொன்னாள்: “அத்தா இப்பிடியே இருந்தாருன்னா நான் லீவு கெடைச்சாலும் வரமாட்டேன்ம்மா. வந்து என்ன செய்ய? நீ வேணா அங்க வா.”

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கீரையைக் கணக்காக உருவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். மறுநாள் புதன்கிழமை. அதற்கடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவள் இறங்கிப் போய்விடுவாள். இருக்கிறது ஒரு நாள்.

அன்று கீரை வெந்து இறங்குவதற்குள் நான் திட்டம் போட்டுவிட்டேன். வேனை மகள் ஓட்டுவாள். கோயம்புத்தூரில் கற்றுக்கொண்டிருந்தாள், அவரைவிட நிதானம். அவர் முன்சீட்டில். போகிற இடம், அந்தப் பாறை. மகளுக்கு வழி தெரியாது, நான் சொல்லப்போவதில்லை. வழி சொல்லவாவது வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

காலையில் வேனருகே வந்து நின்று, “நீ முன்னால ஒக்காரு” என்றார் என்னிடம்.

“எனக்கு முன்னால உக்காந்தா தல சுத்துமுங்க” என்றேன். முப்பது வருடமாக இருபது கொண்டை ஊசி வளைவிலும் முன்சீட்டில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு வந்தவள் நான். தோழி தட்டுவடை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“எங்க போறோம்?”

“நீங்க ஊருக்கெல்லாம் சொல்லுவீங்கல்ல, அந்தப் பாறைக்கு.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. குல்லாவைச் சரிசெய்துகொண்டார். ஆனால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஏறி உட்கார்ந்தார்.

வேன் கிளம்பியது. ஏரியைத் தாண்டியதும் கழுத்தைப் பின்னால் திருப்பி, “நேராப் போகச் சொல்லு” என்றார். நான் செவிடு மாதிரி ரோட்டோரத்தில் கொய்யாப்பழம் விற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் சொன்னார். “ஏனுங்க அக்கா, பாய் என்னமோ சொல்றாருங்க” என்றாள் தோழி, வேண்டுமென்றே. நான் வாயில் ஒரு தட்டுவடையைப் போட்டு நொறுக்கினேன். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? கண்ணாடியைப் பார்த்தபடி, “நேரா” என்றார். கொஞ்ச தூரம் போய், “இப்பிடி” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று வேனுக்குத்தான் தெரியும்.

செம்மநத்தம் ரோட்டில் ஒரு வளைவில் காட்டெருமை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. காப்பிச் செடிக்குள்ளிருந்து அப்போதுதான் ஏறி வந்திருக்க வேண்டும்.

“நிறுத்து கண்ணு!” என்று அவள் தோளைப் பிடித்துவிட்டார்.

அவள் ஏற்கெனவே பிரேக்கை மிதித்திருந்தாள். வேன் நின்றது. காட்டெருமை எங்களைப் பார்த்துவிட்டு, எங்களுக்காக அவசரப்படாமல் மறுபக்கம் இறங்கிப் போனது. அவர் கையை எடுத்துக்கொண்டு இருமினார். வராத இருமல். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கண்ணு என்ற வார்த்தை வந்திருக்கிறது, அதுவும் ஒரு மாட்டின் புண்ணியத்தில். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த எருமையைக் கூப்பிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

பலாமரம் வந்தது. அடியில் சின்னக் கோயில். ரோடு இரண்டாகப் பிரிந்தது. எல்லாம் அவர் சொன்னபடியே. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடை வாசலில் நீட்டுகிற அதே கை நீண்டது.

“இடக்கை.”

அவள் இடக்கைப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச தூரத்தில் தார் தீர்ந்து மண் வந்தது. இரண்டு பக்கமும் காப்பிச் செடி வேனை உரசியது. “ஒரே நீட்டுத்தான்” என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அந்த நீட்டு ஒரு வீட்டு வாசலில் போய் முடிந்தது. ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டாய், அதற்கப்பால் பள்ளம். முன்சக்கரம் எதன் மேலோ சரசரவென்று ஏறி நின்றது.

“ஏனுங்க! பாத்துங்க, பாத்துங்க! சாமைங்க!”

கொட்டாய்க்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், கையெல்லாம் சாணி. வாசல் முழுக்கத் தார்ப்பாய் விரித்துச் சாமை காயப் போட்டிருந்தது. எங்கள் சக்கரம் அதன் ஓரத்தில் ஏறி, தானியத்தை மண்ணோடு சேர்த்து அரைத்திருந்தது.

“கதிரா இருந்தா நீங்க ஏத்தி மிதிச்சாலும் மணி உதிருது, நல்லதுன்னு உட்ருவேனுங்க. இது தூத்திச் சுத்தம் பண்ணுன சாமை” என்றார். பிறகு எங்களை உற்றுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “பாறைக்குத்தான வந்தீங்க? ஏரிக்கரை மெளகுக் கடைக்காரரு சொன்னாராக்கும்?”

தோழி என் விலாவில் இடித்தாள்.

“வாரத்துக்கு நாலு வண்டி வருதுங்க இப்பிடி. வழியில ரெண்டு கல்லத் தூக்கி வெச்சுப் பாத்தேன். எறங்கி நவுத்தி வெச்சுப்போட்டு வர்றாங்க. ஆரத்தான் குத்தம் சொல்றது, வர்றவங்க பாவம், கொழந்தைக தண்ணி கேக்குதுக. போன மாசம் ஒரு குடும்பமே வந்து இதுதான் வியூ பாயிண்டான்னு கேட்டு, எங்க மாட்டுக் கொட்டாயப் போட்டோ புடிச்சுட்டுப் போச்சுதுங்க. கேட்டா எல்லாரும் ஒரே பேச்சு. தாடி வெச்சவராம், வெள்ளக் குல்லாவாம், நொம்ப நல்லாப் பேசுவாராம்.”

என் பக்கத்தில் தோழி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். நான் முன்சீட்டைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மெதுவாகக் குல்லாவைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். தாடியை என்ன செய்வது என்று தெரியவில்லை போலும், கையால் மூடிக்கொண்டார்.

அந்தம்மா நிறுத்தவில்லை. “அந்த மனுசன் ஒருக்காக்கூட இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டாருங்க. வந்திருந்தா இப்பிடிச் சொல்லுவாரா? தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சா போயிருவாரு?”

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர்தானுங்க அது என்று சொல்லிவிட்டால் சிரித்து முடித்துவிடலாம். ஆனால் என் மகள் எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான்தான் அது என்று அவராகச் சொல்லாமல் வேனைத் திருப்பச் சொல்லிவிட்டால், நாளை முதல் பஸ்ஸில் அவள் போவது போவதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை சரியான நேரத்தில்தான் மூடினேன் என்று நினைக்கிறேன்.

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். குல்லாவை எடுத்தார். தலையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். கதவைத் திறந்து கீழே இறங்கினார்.

“நாந்தானுங்க அந்தக் கடைக்காரன்.”

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க சொன்னது சரிங்க. நான் வந்ததே இல்ல. எஸ்டேட்டு லாரி டிரைவர் ஒருத்தரு சொன்னாரு, அத வெச்சு இத்தன வருசமாச் சொல்லிப்போட்டேன். தப்புத்தானுங்க.”

“உங்களப் பாத்தா என்னென்னமோ கேக்கோணும்னு வெச்சிருந்தேனுங்க” என்றார் அந்தம்மா. “இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குது.” திடீரென்று சிரித்துவிட்டார். சாணிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தோழிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவர் நடுவில் அசடு வழிய நின்றார்.

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்தவள் மகள்தான். இறங்கி வந்து, “அந்த டிரைவரு எங்கிருந்து வருவாரு?” என்று கேட்டாள், பொதுவாகத்தான்.

“உள்ள எஸ்டேட்டு லாரி சாமி. பாறை தாண்டித்தான் ஏரிக்கரைக்கு வரோணும்” என்றார் அந்தம்மா.

“அப்ப அவரு அவரோட பக்கமிருந்து சொல்லியிருக்காரு. அங்கிருந்து வர்றவருக்கு எல்லாம் மாறித்தான் இருக்கும். நாம இந்தப் பக்கமிருந்து போறோம். நமக்கு வலக்கை.” கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் புதிதாக வந்த சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“சிரிச்சது போதும். மண்ணு கலந்ததப் பொறுக்கிக் குடுத்துட்டுப் போங்க” என்று அந்தம்மா ஒரு முறத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்களுக்கு வரக்காப்பி போட உள்ளே போனார். மகள் வேனைப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். அவர் சக்கரம் அரைத்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாமையைக் கூட்டி அள்ளி முறத்தில் போட்டு, கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அந்த வேலை அவருக்குக் கை வந்த வேலை. கொஞ்ச நேரம் நின்று பார்த்த மகள் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். இரண்டு தலையும் ஒரே முறத்தின் மேல் குனிந்தன. ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி பிடிவாதம்.

நானும் தோழியும் கொட்டாய் ஓரம் காப்பி டம்ளரோடு நின்றோம். அந்தம்மா வீட்டுக் காப்பி அது, கருப்பட்டி போட்டது. அதன் ருசி இப்போது நினைவில்லை. காதெல்லாம் முறத்தின் பக்கம் இருந்தது.

அவர் முறத்தில் பாதியைப் பொறுக்கி முடித்தார். பிறகு கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்கிட்டக் கேட்டிருக்கோணும் கண்ணு.”

அவள் விரல் நின்றது.

“அக்கா கேட்டதும் சரின்னுட்டேன். உங்கிட்டக் கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. நீ முடியாதுன்னதும், வாக்குக் குடுத்தவன் மொகத்துல கரியப் பூசிட்டயேன்னு கோவம். அப்பறம் போகப் போகத் தெரிஞ்சுது, தப்பு எம்மேலதான்னு. தெரிஞ்சப்பறம் உங்கிட்டப் பேச வாய் வரல.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“ஆறு மாசமா!” என்று கத்திவிட்டாள். “ஆறு மாசமா சாப்புட்டாளான்னு கேளு, சாப்புட்டாளான்னு கேளுன்னு அம்மாவப் போட்டு...” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமைத் தூசி கண்ணில் போய் இன்னும் எரிந்தது. அவர் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

“சேலத்துக்கு நானே போயி அக்காகிட்டச் சொல்லிக்கறேன்” என்றார். “உம்மேல தப்பில்ல, எம்மேலதான்னு.”

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “நானும் அன்னிக்கு வாயத் தொறக்கலீடி” என்றேன். “தெரியும்மா” என்றாள். அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேரும் அந்த முறத்தில் இருந்த கல்லையெல்லாம் பொறுக்கி முடித்தோம். அந்தம்மா வந்து ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்து, “பரவால்லீங்க, சுத்தமாத்தான் இருக்குது” என்று சான்றிதழ் கொடுத்தார். கிளம்பும்போது எங்கள் தக்காளிச் சோற்றில் ஒரு டப்பாவை அவரிடம் கொடுத்தோம். அவர் ஒரு மடி நிறையக் கொய்யாக்காயை வேனில் போட்டார். “இனி வண்டியே வராதுங்களா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரரிடம். கேட்ட குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது என்று தோழி இன்றுவரை சொல்கிறாள்.

பலாமரத்தடிக்குத் திரும்பி வந்ததும் மகள் வேனை நிறுத்தினாள். அவள் கண்ணில் பழைய குறும்பு.

“இப்ப எந்தக் கை அத்தா?”

அவர் கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். “எனக்குத் தெரியாது கண்ணு. அந்தப் பக்கம் போயிப் பாப்போம்.”

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் முதல் முறை கேட்டேன்.

பாறை இருந்தது. அகலமான, வழவழப்பான, பெரிய பாறை. நாங்கள் போய்ச் சேர்வதற்கும் கீழேயிருந்து மூட்டம் ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. கீழ ஊரும் தெரியவில்லை, தட்டும் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த தோழியின் முகமே பாதிதான் தெரிந்தது. “நல்லா ஊரச் சுத்திப் பாத்தோம் பாய்” என்றாள் அவள். ஜமுக்காளத்தை விரித்து, இருந்த சோற்றைப் பங்கு போட்டு, முட்டையை உரித்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் வரை அங்கேதான். மூட்டம் விலகவே இல்லை. அப்பாவும் மகளும் ஓயாமல் பேசினார்கள். மஸ்கட்டில் மிளகு என்ன தரம் கிடைக்கும், ஆஸ்பத்திரி தங்குமிடத்தில் சமைக்க விடுவார்களா, பக்கத்தில் பள்ளிவாசல் உண்டா, பஸ் உண்டா. கேள்வியெல்லாம் அவர்தான் கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். கை சும்மா கிடந்தது, ஒரு கல்லைக்கூடப் பொறுக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பெருநாளுக்கு லீவு கேட்டிருக்கிறேன் என்று போன வாரம் மகள் போன் செய்தாள். என்னிடம் அல்ல, அவரிடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். உள்ளே உட்கார்ந்து கிராம்பு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு இளம் ஜோடி வந்து, கூட்டம் இல்லாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. இவர் கல்லாவை விட்டு இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டினார். செம்மநத்தம் ரோடு, பலாமரம், சின்னக் கோயில்.

“வலக்கைப் பக்கமுங்க. இடக்கைப் பக்கம் போயிராதீங்க, அங்க ஒரு அம்மா சாமை காயப் போட்டிருப்பாங்க.”

“வியூ எப்படி இருக்கும் சார்?”

நான் பொட்டலம் கட்டுவதை நிறுத்தினேன்.

“அது எனக்குத் தெரியாதுங்க” என்றார். “நாங்க போனப்ப ஒரே மூட்டம். ஒண்ணும் தெரியல. ஆனா நீங்க போயிட்டு வாங்க, நல்ல எடமுங்க. எம் பொண்ணுதான் எங்களக் கூட்டிக்கிட்டுப் போனா.”